அக்கரையில் விளைகிற ஊர்

வல்வெட்டித்துறையிலிருந்து கொழும்புக்குத் தரைவழியாக 400 கிலோமீட்டருக்கு மேல். கோடியக்கரைக்குக் கடல்வழியாக ஏறத்தாழ 60. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த ஊரின் பிழைப்பு பாதி விளங்கிவிடும். மீதியை விளங்கிக்கொள்ளத்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற வேறொரு கப்பலோடு மறுபடி தொடங்கியது. நான்கு மணி நேரம் போல ஆகிறது. கப்பலில் சுற்றுலாக்காரர்களை விட என் கண்ணில் பட்டவர்கள் பொதி சுமந்தவர்கள். அனுமதிக்கப்பட்ட எடைக்குள் எவ்வளவு துணியை மடித்து நுழைக்கலாம் என்ற கணக்கில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். காலடியில் மூன்று பைகள், மூன்றிலும் சேலை.

“வியாபாரமா அக்கா?”

“சீச்சீ, கலியாண உடுப்புத் தம்பி.”

“யார் கலியாணம்?”

“ஆரெண்டாலும் கட்டத்தானே போகினம்” என்று சிரித்தார். 

காங்கேசன்துறையில் சுங்க வரிசை மெதுவாக நகர்ந்தது. அந்த அம்மா எந்தக் கலக்கமும் இல்லாமல் எனக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார்.

காங்கேசன்துறையிலிருந்து வல்வெட்டித்துறைக்குக் கரையோரமாகவே நேரே போக வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. அந்தக் கரையின் நடுவில் பலாலி இருக்கிறது. பலாலியைச் சுற்றி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டாலும், பேருந்தில் போகிறவன் யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து சுற்றிப் போவதே சுலபம். அதில் ஒரு லாபமும் இருக்கிறது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று வலிகாமத்தின் செம்மண் முழுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். நீர்வேலியில் வாழை. மற்ற இடங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் தேங்கும் கிணற்று நீரை நம்பித்தான் இத்தனை பச்சையும். ஆறு என்று சொல்லத்தக்க ஆறு ஒன்று கூட குடாநாட்டில் இல்லை.

இந்தத் தோட்டங்களைப் பார்க்காமல் வல்வெட்டித்துறையின் கதையைச் சொல்ல முடியாது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியது. இந்தச் செம்மண்ணில் விளைந்ததைத்தான் தெற்கே கொழும்பும் கண்டியும் வாங்கித் தின்ன வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அப்படி ஒரு காலம் அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. கல்வீடுகள் எழுந்தன, தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் வந்தன, சீதனத் தொகை ஏறியது. அதே அரசு துணிமணி உட்பட எத்தனையோ பொருட்களின் இறக்குமதியையும் இறுக்கியது. நாட்டில் சேலைக்குப் பஞ்சம். 60 கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டில் எங்கள் கரையில் சேலை குவிந்து கிடந்தது. தோட்டக்காரனுக்குச் சட்டப்படி வந்த செழிப்பு, கடற்கரைக்காரனுக்குச் சட்டத்துக்கு வெளியே வந்தது. இரண்டுக்கும் காரணம் கொழும்பில் போடப்பட்ட ஒரே கையெழுத்து. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது.

அச்சுவேலியைத் தாண்டியதும் பச்சை குறைகிறது. பனை, உப்பு வெளி, நீரேரி. தொண்டைமானாறு என்று பெயர் இருந்தாலும் அது கடலோடு சேரும் நீரேரியின் வாய்தான்; உப்பு நீர் உள்ளே ஏறாமல் இருக்கக் கதவுகள் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பை மரக்கலத்தில் ஏற்றுவதற்காக இதை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாணத்து ஐதீகம். ஐதீகத்திலேயே ஏற்றுமதி வந்துவிடுகிறது, கவனியுங்கள்.

நீரேரிக் கரையில் செல்வச் சந்நிதி முருகன். இங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்கிறார், மந்திரம் கிடையாது. அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற சாமி. சுற்றிலும் மடங்கள், நான் போன நண்பகலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அன்றைய சோறு யார் உபயம் என்று கேட்டேன். “கனடாவில இருக்கிற பிள்ளையள், தகப்பன்ர திவசத்துக்கு” என்றார் பரிமாறியவர். மறுநாள் உபயமும் வெளிநாடுதான். அரிசிக் கடை, மரக்கறிக்காரர், விறகு, சமையல் ஆட்கள், ஓட்டோக்காரர் என்று அந்தப் பணம் அன்றைக்கே பத்துக் கைக்குப் போகிறது. வடமராட்சி என்கிற இந்தப் பகுதியில் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் முதலாளிகளில் சந்நிதி முருகனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து வல்வெட்டித்துறை கிழக்கே கொஞ்ச தூரம்தான். சாலைக்கு வடக்கே வீடுகளின் இடுக்கில் கடல் தெரிந்து தெரிந்து மறைகிறது. சந்தியில் இறங்கியவுடன் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இத்தனை பெயர் பெற்ற ஊரின் கடைத்தெரு இவ்வளவுதானா? சில பலசரக்குக் கடைகள், மருந்துக் கடை, வெதுப்பகம், கைப்பேசி திருத்துமிடம், நகை அடகு பிடிக்கும் இடம். துணி எடுக்க, தளபாடம் வாங்க, நகை பார்க்க எல்லோரும் நெல்லியடிக்குப் போகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு மந்திகை, நீதிமன்றத்துக்குப் பருத்தித்துறை, அதற்கு மேல் என்றால் யாழ்ப்பாணம். காலை ஏழு மணிக்குச் சந்தியில் நின்றால் ஆசிரியர்களும் அலுவலக உத்தியோகத்தர்களும் ஊரை விட்டுப் பேருந்தில் போவதைப் பார்க்கலாம். மாலையில் திரும்பி வருகிறார்கள். தனக்கென நகரசபை உள்ள ஊர்தான். ஆனால் வேலை ஓரிடம், சந்தை ஓரிடம், வீடு மட்டும் இங்கே என்று ஒரு புறநகரின் வாழ்க்கைதான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: எந்த நகரத்துக்குப் புறநகர் இது என்று கேட்டால் நெல்லியடி என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. லண்டன், டொராண்டோ என்று நீட்ட வேண்டியிருக்கும்.

சிவன் கோயில் வீதியில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர், வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைத்தீஸ்வரன் கோயில் என்பது இந்தச் சிவன் கோயிலின் முறைப்பெயர். 19ஆம் நூற்றாண்டில் கப்பல் சொந்தக்காரராக இருந்த திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை கட்டியது. கடல் வணிகத்தில் வந்த பணம் கல்லாகி நிற்கிறது. “அரசாங்கம் கட்டித்தந்ததெண்டு இந்த ஊரில பெரிசா என்ன இருக்குத் தம்பி? எல்லாம் கப்பல் காசு” என்றார் பெரியவர். அவருடைய தகப்பனார் பாய்க்கப்பலில் பர்மாவின் அக்கியாபுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தவராம்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், மலையாளக் கரையிலிருந்து ஓடு, இங்கிருந்து புகையிலையும் பனை மரமும் என்று வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ஓடின வல்வெட்டித்துறையின் கப்பல்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி, ரங்கூன் எல்லாம் இவர்களுக்கு அடுத்த தெரு. கப்பலை ஓட்டியவர்கள் தண்டையல்கள். வாங்கி வந்து ஓட்டியது மட்டுமில்லை; இந்தக் கரையிலேயே கட்டவும் செய்தார்கள். வரைபடம் கிடையாது, நீளமும் அகலமும் தலைமைத் தச்சரான மேத்திரியாரின் கையளவில் இருந்தன. ஒரு கப்பல் கடலில் இறங்கும்போது மரம் அறுத்தவர், இரும்பு அடித்தவர், கயிறு திரித்தவர், பாய் தைத்தவர் என்று ஊரில் பாதிப் பேர் அதில் சம்பளம் வாங்கியிருப்பார்கள். இந்த ஊரின் வேலை இந்த ஊருக்குள்ளேயே நடந்த காலம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படிக் கட்டப்பட்ட கப்பல்களில் ஒன்று ‘அன்னபூரணி’. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். ஏற்கெனவே சிறு படகில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை 1930களில் விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயரை மாற்றினார். பெயர் மாறினாலும் ஓட்ட ஆள் வேண்டுமே. தம்பிப்பிள்ளை தண்டையலும் அவருடைய ஆட்களும், எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள், ஏடனையும் சூயஸையும் கடந்து, மத்தியதரைக் கடலைத் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேம்பும் இலுப்பையும் தெரிந்த தச்சர்கள் கடற்கரை மணலில் கட்டிய கலம் அது. ஊரில் யாரைக் கேட்டாலும் அன்னபூரணியின் கதையைச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் பாராட்டினான் என்ற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறார்கள். எனக்கு வேறொன்று பட்டது: கப்பலையும் விற்று, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறார்கள். உழைப்பை ஏற்றுமதி செய்யும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

பாய்க்கப்பலைக் கொன்றது காற்று இல்லை. நீராவிக் கப்பல் முதலில் வந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் படகுச் சேவை தொடங்கி, ரயிலோடு சரக்கும் ஆளும் அந்த வழியாகத் திரும்பினார்கள். பிறகு சுதந்திரம். இரண்டு பக்கமும் கடவுச்சீட்டு, விசா, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்தன. காலம் காலமாகப் போய்வந்த கடல் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் எல்லைக்கோடாகிவிட்டது. கடவுச்சீட்டு இல்லாமல் அதைக் கடந்து கைதட்டல் வாங்கியவர்கள் நீச்சல்காரர்கள் மட்டும்தான். 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போகவும் வரவுமாக நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்துபோனார். ஆழிக்குமரன் என்று அவரை அழைக்கிறார்கள். ரேவடிக் கடற்கரையில் அவர் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது.

நீந்த முடியாதவர்கள் வள்ளத்தில் இயந்திரம் பூட்டிக்கொண்டார்கள். இறக்குமதித் தடை இறுக இறுகக் கடத்தல் பெருகியது. எங்கள் கரையிலிருந்து சேலையும் பீடியும் போயின. அங்கிருந்து கராம்பு, சவர்க்காரம் என்று வந்தன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் ‘சிலோன் சோப்பு’ வாசனை தெரியாத ஐம்பது வயதுக்காரர் இருக்க மாட்டார். இதைக் குற்றக் கதையாக மட்டும் எழுதுகிறவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு பொருளுக்கு இந்தக் கரையில் ஒரு விலை, அந்தக் கரையில் இரண்டு மடங்கு விலை என்று அரசாங்கம் ஆக்கிவைத்தால், நடுவில் 60 கிலோமீட்டர் கடலும் அதன் ஒவ்வொரு நீரோட்டமும் தெரிந்த ஆட்களும் இருந்தால், என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஓட்டியவனுக்குக் கூலி, முதல் போட்டவனுக்கு லாபம், இறக்கியவனுக்குப் பங்கு. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை.

ஆனால் அதை வீர வரலாறாக எழுதுவதும் எனக்குச் சம்மதமில்லை. இருட்டில் நடக்கிற தொழிலில் துப்பாக்கி நுழைய அதிக நாள் ஆகாது. அந்தக் கடல்வழிகளை அறிந்தவர்கள்தான் ஆயுதப் போராட்டத்தின் முதல் தலைமுறையில் முன்னின்றார்கள். அவர்களில் தங்கத்துரையும் குட்டிமணியும் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்கள். 1954இல் பிறந்த, விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனும் இந்த ஊர்க்காரர். போர் தொடங்கிய பிறகு இந்த ஊரில் யாரும் வணிகம் பற்றிப் பேசவில்லை. கடலில் இறங்கவே அனுமதி வேண்டியிருந்த காலம் அது. 1989 ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் இந்திய அமைதிப்படை இங்கே நடத்திய கொலைகளில் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. சந்தியில் கடைத்தெரு ஏன் இவ்வளவு சிறியது என்று நான் வந்து இறங்கியவுடன் ஏமாற்றம் அடைந்தது நினைவுக்கு வந்தபோது, அந்தக் கேள்வியை இந்தியாவிலிருந்து போனவன் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று பட்டது. நான் எந்த ஊர் என்று தெரிந்த பிறகும் பெரியவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் விடியுமுன் கடற்கரைக்குப் போனேன். கண்ணாடியிழைப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. வலையைக் கழற்றிக் குடைந்து மீனை எடுத்துக் குவித்தார்கள்: சூடை, கும்புளா, விளை, இரண்டு மூன்று பெரிய அறக்குளா. ஏலம் கூறுகிறவர் வேகமாகச் சொன்ன எண்கள் பாதி எனக்குப் பிடிபடவில்லை. நெல்லியடிப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி வந்திருந்த வியாபாரிகள் எடுத்துக்கொண்டு பறந்தார்கள். அறக்குளா ஊரில் நிற்கவில்லை. கொழும்புக்குப் போகும் பெட்டியில் ஐஸோடு படுத்தது.

“எங்க இருந்து வாறியள்?” என்று வலை தட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

“நாகப்பட்டினம் அண்ணே.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உங்கட ஆக்களிட்டச் சொல்லுங்கோ, எங்களுக்கும் கொஞ்சம் மீனை விடச் சொல்லி.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது அதிகம் தைத்தது. எங்கள் கரையின் இழுவைப் படகுகள் இரவில் எல்லை தாண்டி வந்து அடிக்கடலை வாரிக்கொண்டு போகின்றன என்பது பாக்கு நீரிணையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. போர்க்காலத்தில் இந்தப் பக்கத்து மீனவன் கரையில் முடக்கப்பட்டிருந்தபோது எங்கள் பக்கத்தில் இழுவைப் படகுகள் பெருகின. போர் முடிந்து இவன் கடலில் இறங்கியபோது அவை பழகிய தடத்தை விடவில்லை. இலங்கை 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டில் அது இன்னும் தொழில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் எங்கள் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம்தான் தங்கள் வலை பத்திரம் என்கிறார்கள் இவர்கள். கைது செய்யப்பட்ட எங்கள் மீனவர்களின் செய்தியைத் தினமும் படிக்கிறோம். அறுந்த வலையின் செய்தி எங்கள் பத்திரிகைகளில் வருவதில்லை. வலை ஒன்று போனால் ஒரு குடும்பத்தின் முதலீடு போகிறது. படகும் இயந்திரமும் பெரும்பாலும் கடனில் வந்தவை.

இன்னோர் அடியைப் பற்றியும் அந்த மீனவர் சொன்னார். இந்தச் சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆகஸ்டில் இலங்கை அரசு மண்ணெண்ணெயை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்த்தியது. 20 லிட்டர் கான் ஒன்றுக்கு 1,740 ரூபாய் கொடுத்தவர் அடுத்த நாள் 6,800 கொடுக்க வேண்டும். மீன் விலை நான்கு மடங்காகவில்லையே. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்கு அது திரும்பவில்லை. அவருடைய மூத்த மகன் தொழிலுக்கு வருவதில்லை. “அவன் கப்பலுக்குப் போகப் படிக்கிறான்” என்றார்.

கப்பலுக்குப் போவது இந்த ஊரில் இன்றும் மதிப்பான உத்தியோகம். கப்டன்மார், என்ஜினியர்மார், சாதாரண மாலுமிகள் என்று உலகத்தின் எண்ணெய்க் கப்பலிலும் கொள்கலன் கப்பலிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சில மாதம் கடல், சில மாதம் வீடு. சம்பளம் டாலரில். டாலர் 2022இல் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது நாடே அழுதது. கப்பல்காரர் வீட்டில் மட்டும் கூரை மாற்றினார்கள் என்று பெரியவர் சொன்னார். அவர் இதைப் பெருமையாகச் சொன்னாரா குறையாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மற்ற வீடுகளுக்கு வருவது புலம்பெயர்ந்தவர்களின் பணம். இங்கேதான் பழைய கதை மறுபடி தலைகாட்டுகிறது. 2021 கடைசியில் இலங்கை மத்திய வங்கி டாலருக்கு 203 ரூபாய் என்று கட்டிவைத்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றித்தரும் உண்டியல்காரர்கள் அதற்கு மேல் நாற்பது ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார்கள். நாடு முழுவதற்கும் வங்கி வழியாக 2020இல் வந்த பணம் 710 கோடி டாலர். 2022இல் அது 379 கோடிக்கு விழுந்தது. பிள்ளைகள் தாய்க்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்களா என்ன? வழியை மாற்றினார்கள், அவ்வளவுதான். மஞ்சளுக்கும் இதே கதிதான். 2020இல் இறக்குமதியைத் தடுத்தார்கள். கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. ராமநாதபுரத்துக் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் இரவில் கிளம்பின. சேலைக்குப் பதில் மஞ்சள், வேறு என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்று உண்டு. அதே தடத்தில் இப்போது கேரளக் கஞ்சாவும் வருகிறது. வடமராட்சிக் கரையில் மூட்டை பிடிபட்ட செய்தி வாடிக்கையாகிவிட்டது. சேலை கட்டியவள் கெட்டுப்போகவில்லை. இதை அப்படிச் சொல்ல முடியாது. ஊர்ப் பள்ளிக்கூட வாசல் வரை இதன் பாதிப்பு வந்துவிட்டது என்று நான் பேசிய ஒவ்வொரு தாயும் தகப்பனும் சொன்னார்கள்.

வெளிநாட்டுப் பணம் ஊரில் எப்படித் தெரிகிறது? தைப்பொங்கலன்று கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவில் தெரிகிறது. தேர் போலவும் விமானம் போலவும் கட்டிய பட்டங்களைப் பார்க்கக் குடாநாடு முழுவதும் வந்து குவிகிறது. சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரி அம்மன் தீர்த்தத்தோடு வரும் இந்திரவிழாவில் தெரிகிறது. இந்த ஊரின் சிதம்பராக் கல்லூரிப் பழைய மாணவர்கள் லண்டனில் கணிதப் போட்டி நடத்துகிற அளவுக்கு ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தெருவில் நடந்தால் புதிதாகத் தளம் போட்ட வீடு, பக்கத்தில் பூட்டிய வீடு, அதற்கடுத்து முதிய அம்மா ஒருவர் தனியாகக் காவல் இருக்கும் வீடு. கொத்தனுக்கும் தச்சனுக்கும் வர்ணம் பூசுகிறவனுக்கும் வேலை இருக்கிறது. வீடு முடிந்ததும் அந்த வேலையும் முடிகிறது. வருடம் முழுவதும் பத்து இளைஞருக்குச் சம்பளம் தருகிற ஒரு பட்டறையை யாரும் எனக்குக் காட்டவில்லை. கோயிலுக்குக் கொடுப்பவருக்குத் தொழிலில் போடத் தயக்கம். அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை: ஒரு முறை எரிந்த கடையைப் பார்த்தவர்கள் அவர்கள். கோயிலில் போட்ட பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது; வங்கிச் சட்டத்தின் மேலும் துறைமுக அதிகாரத்தின் மேலும் அந்த நம்பிக்கை இல்லை.

பெரியவரிடம் விடைபெறும்போது, பேரப்பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்று கேட்டேன். “விடுமுறைக்கு வருவினம். இஞ்ச என்ன வேலை இருக்கெண்டு நிரந்தரமா வாறது?” என்றார்.

எனக்கு இதில் பெரிய புதிர் எதுவும் தெரியவில்லை. காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னைக்கு விமானமும் போய்வருகிறது. இரண்டும் ஆளை ஏற்றுகின்றன. சிறு வணிகன் ஒருவன் பத்து மூட்டை கருவாட்டையோ பனங்கட்டியையோ வல்வெட்டித்துறையிலிருந்து ஏற்றி, தீர்வை கட்டி, நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது துணி ஏற்றி வர வழியில்லை. கப்பலில் என் பக்கத்தில் இருந்த அம்மா அதனால்தான் மூன்று பைச் சேலைக்குக் கலியாணம் சொல்ல வேண்டியிருந்தது. சிறு கலங்களுக்கான சரக்குச் சேவை, ஒரு இறங்குதுறை, மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் ஒரு சுங்க அலுவலகம்: இவற்றைக் கேட்பது பெரிய வேண்டுகோள் இல்லை, ஆங்கிலேயர் காலத்தில் பாய்க்கப்பல்களுக்கு இதெல்லாம் இருந்தது. அதோடு எங்கள் பக்கத்து இழுவைப் படகுகளைத் தமிழ்நாட்டு அரசே நிறுத்த வேண்டும்; கடலை வழித்தெடுத்துவிட்டு வணிகம் பேசப் போனால் அந்தக் கரையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அந்தக் கரையில் கடத்தலைப் பிடிப்பதற்குக் கடற்படை இருக்கிறது, இராணுவம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. சட்டப்படி ஒரு மூட்டை மஞ்சளை இறக்கித் தீர்வை கட்டுவதற்கு வல்வெட்டித்துறையில் இன்று ஓர் இடம் இல்லை.